மஞ்சப்பையில் வந்த 75-150

பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தபோது பாளையங்கோட்டையில் ஒரு ஸ்டுடியோ அண்ணாச்சியிடம் பழைய ஜூம் லென்ஸ் ஒன்று வாங்கினேன். நிக்கான் சீரீஸ் ஈ 75-150 மி.மீ., எஃப் 3.5. முதல் இரண்டு எண்ணும் குவிய நீளம், அது கூடக் கூடத் தூரத்துப் பொருள் பெரிதாகத் தெரியும். எஃப் எண் குறையக் குறைய லென்ஸ் அதிக வெளிச்சம் விடும். விலை 3,500 ரூபாய். இந்த மூன்று மாதமாக என் நிக்கான் எஃப்எம்2 ஃபிலிம் கேமராவில் பெரும்பாலும் அதுதான் மாட்டியிருக்கிறது, நான்கு ரோல் எடுத்துக் கழுவியும் பார்த்துவிட்டேன். ஃபிலிம் கேமரா வைத்திருக்கும் நண்பர்கள் இரண்டு பேர் தனித்தனியாக ஒரே கேள்வியைக் கேட்டார்கள். குறைந்த விலையில் டெலி ஜூம், அதாவது தூரத்தைக் கிட்டே காட்டும் ஜூம், வாங்கினால் உருப்படியாக ஏதாவது கிடைக்குமா, இல்லை காசைக் கரியாக்குவதா? கிடைக்கும், ஆனால் பார்த்து வாங்க வேண்டும். எதைப் பார்ப்பது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் டிஜிட்டல் கேமராவுக்கு லென்ஸ் பார்க்கும் முறை ஃபிலிமுக்கு அப்படியே உதவாது.

அண்ணாச்சி எங்கள் வீட்டு விசேஷங்கள் பலவற்றுக்குப் படம் எடுத்தவர். இப்போது பாஸ்போர்ட் படமும் ஜெராக்ஸும்தான் ஓடுகிறது. கேமராவை எப்போதோ விற்றுவிட்டார், லென்ஸ் மட்டும் ஒரு மஞ்சப்பையில் சுற்றி மேஜை இழுப்பறையில் கிடந்தது. "தாலி கட்டும்போது வீடியோக்காரன் மேடைய மறைச்சிக்கிடுவான் தம்பி. நான் கீழ நின்னு இதுலதான் எடுப்பேன்" என்றார். பையிலிருந்து எடுத்துக் கையில் கொடுக்கும்போதே குறையையும் சொல்லிவிட்டார். "வளையம் நிக்காது. பாத்துக்கிடுங்க."

லென்ஸைப் பற்றிக் கொஞ்சம். 1979-இல் நிக்கான் ஈஎம் என்று சின்னதாக, விலை குறைவாக ஒரு கேமரா வந்தது. அதை வாங்குகிறவர்களுக்காக எடையும் விலையும் குறைந்த லென்ஸ் வரிசை ஒன்றைக் கொண்டுவந்தார்கள், அதுதான் சீரீஸ் ஈ. நிக்கான் லென்ஸ்களுக்கு நிக்கார் என்று ஒரு பெயர் உண்டு அல்லவா, அந்தப் பெயரை இந்த வரிசைக்கு வைக்கவில்லை. முன்வளையத்தில் நிக்கான் லென்ஸ் சீரீஸ் ஈ என்று மட்டும்தான் இருக்கும். அந்த ஒரு சொல் இல்லாததால்தான் இன்றைக்கும் இவை பழைய சந்தையில் மலிவாகக் கிடைக்கின்றன. ஆனால் இந்த 75-150-ஐக் கண்ணில் வைத்துப் பார்த்தால் மலிவாக ஒன்றும் தெரியாது. இரண்டு மடங்குதான் ஜூம், அதனால் வடிவமைத்தவர்களுக்குச் சமாளிக்க வேண்டிய சிக்கல் குறைவு. 75-இலும் எஃப் 3.5, 150-இலும் எஃப் 3.5. எடை 520 கிராம், என் கேமரா 540, இரண்டும் சேர்ந்தே ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் மேல்தான். ஃபில்டர் அளவு 52 மி.மீ., என்னுடைய 50 எஃப் 1.8 லென்ஸுக்கும் அதே அளவு என்பதால் இருக்கிற மஞ்சள் ஃபில்டர் இதற்கும் பொருந்திவிட்டது.

கடையிலேயே பார்க்க வேண்டியவற்றைச் சொல்கிறேன். இதில் அவசரப்படவே கூடாது. டிஜிட்டலில் லென்ஸை மாட்டி நூறு படம் எடுத்து வீட்டில் போய்ப் பெரிதாக்கிப் பார்க்கலாம், பைசா செலவில்லை. ஃபிலிமில் எனக்கு ஒரு ஃபிரேம், கழுவுகிற செலவும் சேர்த்து, முப்பது ரூபாயை ஒட்டி வருகிறது. இந்த லென்ஸைத் தெரிந்துகொள்ள நான் செலவழித்த நான்கு ரோல், லென்ஸின் விலையையே தாண்டிவிட்டது. அதனால் ஃபிலிம் போடாமல் எவ்வளவு பார்க்க முடியுமோ அவ்வளவையும் முதலில் பார்த்துவிட வேண்டும்.

முதலில் ஃபங்கஸ். நம் ஊர் ஈரத்துக்கு, இழுப்பறையில் இருபது வருடம் கிடந்த லென்ஸில் பூஞ்சை இல்லாவிட்டால்தான் ஆச்சரியம். மொபைல் டார்ச்சைப் பின்பக்கம் பிடித்து, அபர்ச்சரை (வெளிச்சம் புகும் துளையை) முழுக்கத் திறந்து, முன்பக்கமிருந்து சாய்வாகப் பார்க்க வேண்டும், நேராகப் பார்த்தால் எதுவும் தெரியாது. அப்புறம் திருப்பிப் பிடித்து இன்னொரு தடவை. தூசி புள்ளி புள்ளியாகத் தெரியும், அதைப் பற்றிக் கவலை வேண்டாம். பூஞ்சை என்றால் ஓரத்திலிருந்து உள்நோக்கிச் சிலந்தி நூல் மாதிரி, கிளை கிளையாகப் பிரிந்து கிடக்கும். இதில் முன்கண்ணாடிக்கு அடுத்ததாக உள்ள கண்ணாடியின் ஓரத்தில் மூன்று இழை இருந்தது, ஒவ்வொன்றும் அரிசி நீளம்கூட இல்லை. முன்பக்க ஓரத்தில் இந்த அளவு இருந்தால் படத்தின் துல்லியம் கெடாது, எதிர்வெளிச்சத்தில் கான்ட்ராஸ்ட் கொஞ்சம் குறையும். இதே இழை கடைசிக் கண்ணாடியில், ஃபிலிமுக்குப் பக்கத்தில் இருந்திருந்தால் நான் தொட்டிருக்க மாட்டேன். மேகம் மாதிரி வெளேரென்று படர்ந்திருந்தாலும் அப்படித்தான், அங்கேயே வைத்துவிட்டு நன்றி சொல்லிவிட்டு வந்துவிட வேண்டும்.

அடுத்தது அபர்ச்சர் இதழ்கள். லென்ஸின் பின்னால் இருக்கும் சின்ன நெம்புகோலை விரல்நுனியால் தள்ளிவிட்டால் டக்கென்று திரும்ப வேண்டும். சோம்பேறித்தனமாக வந்தால் இதழில் எண்ணெய் இறங்கியிருக்கிறது என்று அர்த்தம். ஷட்டர் திறக்கும் நேரத்துக்குள் இதழ் மூடாது, படம் எல்லாம் கூடுதல் வெளிச்சத்தில் வெளுத்துப் போகும், காரணம் தெரியாமல் நாம் கேமராவைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருப்போம். இதில் இதழ் காய்ந்து சுத்தமாக இருந்தது.

கேமரா கையோடு இருந்தால் இன்னும் இரண்டு பார்க்கலாம். தெருக்கோடியில் இருக்கும் செல்ஃபோன் கோபுரம் மாதிரி தூரத்துப் பொருளை வைத்து, ஃபோகஸ் வளையத்தை முடிவிலி வரைக்கும் திருப்பி, கண் வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டரின் நடுவில் இருக்கும் பிளவு வட்டத்தில் இரண்டு பாதியும் ஒட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். இரவு என்றால் நிலாவே போதும். அப்புறம் 150-இல் ஒரு பொருளை ஃபோகஸ் செய்து, அப்படியே 75-க்கு வந்தால் ஃபோகஸ் நகராமல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இது நின்றால் வேலை பாதியாகக் குறையும். 150-இல் பெரிதாக்கி ஃபோகஸ் செய்துகொண்டு, வேண்டிய அளவுக்குப் பின்வாங்கி எடுக்கலாம். என் லென்ஸில் நின்றது. யாரோ உள்ளே திறந்து பார்த்துத் தப்பாகச் சேர்த்திருந்தால் இந்த இடத்தில்தான் மாட்டிக்கொள்ளும்.

வீட்டுக்கு வந்தபிறகு இன்னொரு சோதனை. கேமராவில் ஃபிலிம் இல்லாமல், பின்கதவைத் திறந்து, ஷட்டரை பி-யில் (அழுத்தியிருக்கும்வரை திறந்தே இருக்கும் நிலையில்) வைத்து, பூட்டு உள்ள கேபிள் ரிலீஸால் திறந்தபடியே நிறுத்திவிட்டு, ஃபிலிம் ஓடும் தண்டவாளத்தின்மேல் ஒரு துண்டு ட்ரேசிங் பேப்பரைப் பிடித்தால் படம் தலைகீழாக அதில் விழும். என் அறை ஜன்னலுக்கு எதிரே தென்னை மரம். அதன் கீற்று ஒவ்வொன்றும் விரற்கடை அகலத் தாளில் தலைகீழாக அசைந்ததைப் பார்த்தபோது, சோதனையை மறந்து அஞ்சு நிமிடம் சும்மா பார்த்துக்கொண்டிருந்தேன். லென்ஸ் ஃபிலிமுக்கு என்ன அனுப்புகிறது என்பதை இடையில் எதுவும் இல்லாமல் கண்ணால் பார்க்க இதுதான் வழி.

சரி, வளையத்துக்கு வருகிறேன். இது ஒரே வளையத்தில் இரண்டு வேலை செய்யும் லென்ஸ். திருப்பினால் ஃபோகஸ், முன்பின்னாகத் தள்ளினால் ஜூம். நாற்பது வருடம் ஓடிய பிறகு உள்ளே பிடிமானம் தரும் மெல்லிய பட்டை தேய்ந்துவிடுகிறது. இந்த மாடல் வைத்திருப்பவர்கள் அநேகமாக எல்லாரும் சொல்வது இதுதான். கேமராவைக் கீழே சாய்த்தால் வளையம் சர்ரென்று முன்னால் ஓடும், மேலே தூக்கினால் பின்னால் வந்து விழும். கண்ணுக்கு நேராகப் பிடித்து எடுக்கும்போது ஒரு தொந்தரவும் இல்லை, சொல்லப்போனால் இவ்வளவு இலகுவாக நகர்வது ஆளைப் பின்தொடர்ந்து எடுக்க வசதி. கோபுரத்தைப் பார்த்துத் தூக்கினால்தான் கஷ்டம். மெக்கானிக்கிடம் கொடுத்துப் பட்டை மாற்றலாம், ஆனால் கூலி லென்ஸ் விலைக்கு அருகில் வரும். நான் சைக்கிள் கடையில் பழைய ட்யூபிலிருந்து இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு வளையம் வெட்டி வாங்கி வந்தேன். அதை லென்ஸ் உடலில் மாட்டி வைத்திருப்பேன். முக்காலியில் வைத்து எடுக்கும்போதோ, மேலே பார்த்து எடுக்கும்போதோ பாதி ரப்பர் வளையத்தின்மேல், பாதி உடலின்மேல் வருகிற மாதிரி இழுத்துவிட்டால் ஜூம் அசையாது, ஃபோகஸை மட்டும் கொஞ்சம் இறுக்கமாகத் திருப்பலாம். ட்யூபில் இருக்கும் வெள்ளைப் பவுடரை நன்றாகக் கழுவிக் காயவைத்துவிட்டு மாட்டுங்கள், இல்லாவிட்டால் அது லென்ஸுக்குள் போகும்.

இனி ஃபிலிம் கேமராவுக்கு என்றே உள்ள விஷயம், வியூஃபைண்டர். ஆட்டோஃபோகஸ் இல்லாத கேமராவில் லென்ஸ் எவ்வளவு வெளிச்சம் விடுகிறதோ அவ்வளவுதான் நம் கண்ணுக்கு. என்னிடம் முன்பு வேறொரு 70-300 இருந்தது, 300-க்குப் போனால் எஃப் 5.6 ஆகிவிடும் வகை. அதை மாட்டினால் நடுவில் இருக்கும் பிளவு வட்டத்தின் ஒரு பாதி கறுத்துவிடும், கண்ணைக் கொஞ்சம் நகர்த்தினால் மறுபாதி கறுக்கும். சாயங்காலம் என்றால் சுற்றியுள்ள மைக்ரோபிரிசம் வளையத்தை வைத்துத் தட்டுத்தடுமாறித்தான் ஃபோகஸ். அந்த லென்ஸ் கெட்ட லென்ஸ் என்று சொல்ல மாட்டேன், என் கேமராவுக்கு அது பொருந்தவில்லை. இந்த 75-150-இல் எந்த அளவிலும் இரண்டு பாதியும் தெளிவாக இருக்கின்றன. எஃப் 5.6-க்கும் 3.5-க்கும் இடையே ஒன்றேகால் ஸ்டாப்புக்கு மேல் வித்தியாசம், ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரண்டு மடங்கு. படத்தில் அது பெரிய விஷயமாகத் தெரியாது, ஃபோகஸ் செய்யும்போது அது இரண்டு வேறு கேமரா மாதிரி இருக்கிறது. விலை குறைந்த டெலி ஜூம் தேடுகிறவர்கள் கடைசி எண் 300 என்று பார்த்து மயங்கிவிடுகிறோம். அதற்குப் பக்கத்தில் எழுதியிருக்கும் எஃப் எண்ணைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

கை ஆட்டமும் இதோடு சேர்ந்ததுதான். லென்ஸின் குவிய நீளம் எவ்வளவோ, ஒரு நொடியை அந்த எண்ணால் வகுத்த கணக்கில் ஷட்டர் வேகம் வேண்டும் என்பது பழைய விதி. 150-க்கு 1/150, கேமராவில் அதற்கு அடுத்தது 1/250. திறந்த வெளி நிழலில் ஐஎஸ்ஓ (ஃபிலிமின் ஒளி உணர்திறன்) 200 ஃபிலிம் போட்டிருந்தால் 1/250-க்கு எஃப் 5.6 கேட்கும். அதாவது இந்த லென்ஸில் இன்னும் ஒரு ஸ்டாப் கையிருப்பு இருக்கிறது. 300-க்கு எஃப் 5.6 லென்ஸ் என்றால் 1/500 வேண்டும், அதே நிழலில் அதே ஃபிலிமில் அது கிடைக்காது. நடுவழியில் ஐஎஸ்ஓவைக் கூட்டிக்கொள்ள ஃபிலிமில் வழியில்லை, 36 படம் முடிகிறவரை போட்டதுதான். எனக்கு இந்த லென்ஸுக்கு 400 ஃபிலிம்தான் ஒத்துவருகிறது. இல்ஃபோர்ட் ஹெச்பி5 மூன்று ரோல், கோடக் கோல்ட் 200 ஒரு ரோல் போட்டேன், கோல்டைப் பகல் பத்து மணிக்கு மேல்தான் நம்பி எடுக்க முடிந்தது.

முதல் ஹெச்பி5 ரோலில் பாதி சோதனைக்கே போயிற்று. மொட்டைமாடிச் சுவரில் நான்கு செய்தித்தாள்களை விரித்து ஒட்டி, ஐந்து மீட்டர் தள்ளி முக்காலி. 150-இல், நடுவில் 100-ஐ ஒட்டி, அப்புறம் 75-இல், ஒவ்வொன்றிலும் எஃப் 3.5-இலிருந்து 16 வரை. எஃப்எம்2-இல் ஒரு நல்ல வசதி. செல்ஃப் டைமரைப் போட்டுவிட்டு பட்டனை அழுத்தினால், டைமர் ஓடத் தொடங்கும்போதே உள்ளிருக்கும் கண்ணாடி மேலே போய்விடும், பத்து நொடி கழித்து ஷட்டர் மட்டும் அடிக்கும். அதிர்வே இருக்காது. டெலி லென்ஸைச் சோதிப்பவர்கள் இதைக் கட்டாயம் பயன்படுத்த வேண்டும், இல்லாவிட்டால் கண்ணாடி அடிக்கும் அதிர்வை லென்ஸின் குறை என்று எழுதிவைப்போம்.

ஃபிலிமைக் கழுவியது டி-76 டெவலப்பரில், ஒன்றுக்கு ஒன்று தண்ணீர் கலந்து, 20 டிகிரியில் 13 நிமிடம். சென்னைக் குழாய்த் தண்ணீர் எப்போது 20 டிகிரியில் வந்திருக்கிறது? ஒரு பேசினில் ஐஸ் கட்டி போட்டு அதில் பாட்டிலை நிறுத்தி, தெர்மாமீட்டர் இறங்குவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நெகட்டிவ் காய்ந்ததும் 50 மி.மீ. லென்ஸைத் தலைகீழாகக் கண்ணில் வைத்து அதையே பூதக்கண்ணாடியாக்கிப் பார்த்தேன். தனியாக லூப் வாங்கத் தேவையில்லை, இதைவிடத் தெளிவாகக் காட்டும் லூப் நம் விலைக்குக் கிடைக்காது.

பார்த்தது இதுதான். எஃப் 5.6-இலும் 8-இலும் மூன்று அளவிலும் நடுவிலிருந்து ஓரம் வரை வரி விளம்பரத்தின் பொடி எழுத்தைப் படிக்க முடிந்தது. எஃப் 11 வரைக்கும் அப்படியே. எஃப் 16-இல் மொத்தமாக ஒரு சுற்று மங்குகிறது, அது எல்லா லென்ஸிலும் நடப்பதுதான். முழுக்கத் திறந்து எஃப் 3.5-இல் 75-உம் 100-உம் நன்றாகவே இருக்கின்றன, 150-இல் நடுப்பகுதி நல்ல துல்லியம், ஓரம் இளகுகிறது. ஆனால் இடது ஓரம் வலது ஓரத்தைவிட அதிகமாக இளகியிருந்தது. இது எனக்கு உறுத்தியது.

சுவருக்கு நேராக நான் நிற்காமல் கொஞ்சம் திரும்பி நின்றிருந்தாலும் இப்படி வரும். அதனால் அடுத்துப் போட்ட ரோலில் இரண்டு ஃபிரேமை இதற்கென்றே செலவழித்தேன். முதலில் சாதாரணமாக ஒன்று, அப்புறம் முக்காலியிலேயே கேமராவைத் தலைகீழாகத் தொங்கவிட்டு ஒன்று. நின்ற கோணம்தான் தப்பு என்றால் சுவரின் அதே பக்கம் மங்க வேண்டும். லென்ஸில்தான் கோளாறு என்றால் சுவரின் மறுபக்கம் மங்கும். மறுபக்கம்தான் மங்கியது. அதாவது லென்ஸுக்குள் ஏதோ ஒரு கண்ணாடி மயிரிழை சாய்ந்திருக்கிறது. எஃப் 5.6-க்கு வந்தால் காணாமல் போய்விடுகிறது, படம் எடுப்பதற்கு அது இடைஞ்சல் இல்லை. இருந்தாலும் எங்கே இருக்கிறது என்று தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது.

செய்தித்தாள் போதும் என்று மயிலாப்பூருக்குப் போனேன். கபாலீசுவரர் கோயில் கிழக்குக் கோபுரம் ஏறத்தாழ 37 மீட்டர் உயரம். அந்தச் சுதைச் சிற்பங்களை நாம் தினமும் பார்த்தபடி நடக்கிறோம், ஆனால் கீழே நின்று ஒரு முகத்தையாவது சரியாகப் பார்த்திருப்போமா? 150-இல் ஒரு தளத்தை மட்டும் தனியாக எடுத்து, சைக்கிள் ட்யூபை இழுத்துவிட்டு, நிதானமாகப் பார்த்தபோது ஒரு துவாரபாலகர் கைவிரல் வளைவும், அதற்குப் பின்னால் கூடுகட்டியிருந்த புறாவும் வியூஃபைண்டரிலேயே தெரிந்தன. டெலி லென்ஸ் தளங்களை ஒன்றன்மேல் ஒன்றாக நெருக்கிக் காட்டும். கோபுரத்துக்கு அந்த நெருக்கம் அழகு, சிற்பம் சிற்பமாக அடுக்கி நிரப்பிய துணி மாதிரி வரும்.

அங்கேதான் லென்ஸின் உண்மையான பலவீனமும் தெரிந்தது. பதினொரு மணிச் சென்னை வானம் நீலமாக இருக்காது, வெள்ளை வெளேரென்று இருக்கும். கோபுர உச்சி ஃபிரேமுக்குள் வந்து, சுற்றிலும் அந்த வெள்ளை வானம் இருந்தபோது எடுத்த படங்களில் கறுப்பு கறுப்பாக இல்லை, பால் தெளித்த மாதிரி சாம்பல் பூத்திருந்தது. மூன்று இழைப் பூஞ்சைக்கும் இதில் பங்கு இருக்கும். அடுத்த ரோலுக்கு முன்னால் லென்ஸ் முன்னால் வெயிலை மறைக்கிற, 52 மி.மீ. திருகு வைத்த உலோக ஹூட் ஒன்று வாங்கி மாட்டினேன், வெயில் கண்ணாடியில் நேரே விழும் இடங்களில் இடது கையால் நிழலும் கொடுத்தேன். அதே இடம், அதே நேரம், துவாரபாலகரின் கழுத்துக்குக் கீழே இருக்கும் நிழல் நல்ல கறுப்பாக விழுந்தது. இந்த லென்ஸ் வாங்குகிறவர்கள் ஹூட் விலையையும் சேர்த்தே கணக்குப் போடுங்கள்.

பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வேடந்தாங்கல். மதுராந்தகத்துக்குப் பக்கத்தில், ஏரிக்கரையில் நின்று பார்த்தால் கடம்ப மரங்கள் முழுக்க நத்தைகுத்தி நாரையும் மஞ்சள்மூக்கு நாரையும் கூழைக்கடாவும். இதற்கு இந்த லென்ஸ் போதாது. மஞ்சள்மூக்கு நாரை ஏறத்தாழ ஒரு மீட்டர் உயரம். அது 60 மீட்டர் தள்ளி இருந்தால் 150 லென்ஸில் ஃபிலிம்மேல் விழும் உயரம் இரண்டரை மி.மீ. ஃபிரேமின் உயரம் 24. பத்தில் ஒரு பங்கு. அதை வெட்டிப் பெரிதாக்கினால் பறவையைவிட ஃபிலிமின் மணிதான் அதிகம் தெரியும். 300 இருந்தாலும் ஐந்து மி.மீ.தான். பறவைக்காக ஃபிலிமில் மலிவு ஜூம் தேடுகிறவர்கள் இந்தக் கணக்கை ஒரு தடவை போட்டுப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். ஆனால் மரம் முழுவதும், பறவை எல்லாம் வெள்ளைப் புள்ளிகளாக, கீழே தண்ணீரில் அதன் நிழல் என்று 75-இல் எடுத்த ஒரு படம் வந்திருக்கிறது. அன்று முழுக்க எடுத்ததில் அது ஒன்றைத்தான் பெரிதாகப் பிரிண்ட் போடுவேன்.

இந்த லென்ஸ் மனிதர்களுக்கானது. அதை நான் பங்குனிப் பெருவிழாவில்தான் புரிந்துகொண்டேன். எட்டாம் நாள் அறுபத்து மூவர், மாட வீதி நான்கிலும் நிற்க இடமில்லை. ஒரு வீட்டுத் திண்ணையில் இடம் கிடைத்தது, அங்கிருந்து நகரவே முடியாது. நகர முடியாத இடத்தில்தான் ஜூம் எவ்வளவு பெரிய வசதி என்று தெரிகிறது. பல்லக்கு தூரத்தில் வரும்போது 150, கிட்டே வந்ததும் 75, இடையில் கூட்டத்தில் தோள்மேல் உட்கார்ந்திருந்த குழந்தையின் முகம். லென்ஸ் மாற்ற இடமும் இல்லை, நேரமும் இல்லை. மூன்று மீட்டர் தூரத்தில் 150-இல் எஃப் 3.5 வைத்தால் எட்டு சென்டிமீட்டர் ஆழத்துக்குத்தான் துல்லியம் நிற்கும், அதாவது கண்ணில் ஃபோகஸ் வைத்தால் காது கரையத் தொடங்கிவிடும். அவ்வளவு நெருக்கத்தில் கூட்டம் இருந்தாலும் ஒரு முகம் மட்டும் தனியாக எழும்பி வரும். பின்னால் மங்கும் பகுதி இந்த லென்ஸில் மிருதுவாக இருக்கிறது, திருவிழா விளக்கு வரிசைகூடக் கண்ணைக் குத்தாமல் கரைகிறது.

ஒரு மீட்டர் வரைக்கும் கிட்டே ஃபோகஸ் ஆவது இன்னொரு சௌகரியம். வடக்கு மாட வீதி முனையில் பூக்கட்டும் அம்மா ஒருவரிடம் கேட்டுக்கொண்டு கைகளை மட்டும் எடுத்தேன். நாலு மல்லிகை மொட்டு, நாரால் ஒரு சுற்று, கட்டைவிரலால் ஓர் அழுத்தம், மறுபடி நாலு. எஃப் 5.6. நெகட்டிவில் நாரின் பிசிறும், நகக்கண்ணில் ஒட்டியிருந்த இலைப்பச்சையின் கறையும் வந்திருக்கின்றன. "கைய மட்டும் எடுத்து என்னப்பா பண்ணப் போற?" என்று கேட்டார். பிரிண்ட் கொண்டுவந்து தருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன், இந்த வாரம் கொடுக்க வேண்டும்.

இதையே வாங்க வேண்டும் என்று இல்லை. இதே வரிசையில் 70-210 எஃப் 4 ஒன்று உண்டு, நீளம் அதிகம், எடையும் 730 கிராம், ஃபில்டர் 62 மி.மீ. ஆகிவிடும். ஜூம் வேண்டாம் என்றால் பழைய 135 மி.மீ. லென்ஸ்கள் எஃப் 2.8-இலும் 3.5-இலும் நிறையக் கிடைக்கும், எஃப் 2.8 என்றால் வியூஃபைண்டர் இன்னும் பிரகாசம். ஒன்றை மட்டும் தவிர்த்துவிடுங்கள். நிக்கானில் ஜி வகை என்று பிற்காலத்தில் வந்த ஆட்டோஃபோகஸ் ஜூம்கள் மிக மலிவாகக் கிடைக்கும், பார்க்கவும் புதிதாக இருக்கும், ஆனால் அவற்றில் அபர்ச்சர் வளையமே கிடையாது. எஃப்எம்2 மாதிரி கேமராவில் மாட்டினால் இதழ் கடைசி வரைக்கும் மூடிக்கொண்டுதான் படம் எடுக்கும். மாட்டும்போது சரியாகத்தான் உட்காரும், அதனால்தான் பலர் வாங்கிவிட்டு முழிக்கிறார்கள்.

வாங்கியதும் வைக்கும் இடத்தையும் பாருங்கள். நான் மூடி இறுக்கமான பிளாஸ்டிக் டப்பா ஒன்றில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களும், ஈரம் காட்டும் சின்ன மீட்டரும் போட்டு வைத்திருக்கிறேன். முள் 45 சதவீதத்தை ஒட்டி நின்றால் போதும். மாதம் ஒரு தடவை டார்ச் அடித்துப் பார்க்கிறேன், அந்த மூன்று இழையும் வளரவில்லை.

சித்திரைப் பிறப்புக்கு ஊருக்குப் போனபோது அண்ணாச்சிக்குக் காட்ட நாலு பிரிண்ட் கொண்டுபோனேன். அறுபத்து மூவரில் ஆறு மணிக்கு மேல் வெளிச்சம் போன பிறகு, 150-இல் முழுக்கத் திறந்து 1/125-இல் எடுத்த தவில்காரர்கள் படம்தான் அவர் கையில் அதிக நேரம் இருந்தது. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, படத்தைக் கண்ணுக்கு ஒரு சாண் தூரத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இடது ஓரம் தளந்திருக்குல்லா?"

நான் செய்தித்தாள் ஒட்டி, கேமராவைத் தலைகீழாகத் தொங்கவிட்டுக் கண்டுபிடித்ததைச் சொன்னேன். அவர் தலையாட்டினார். 96-இல் வண்ணார்பேட்டையில் ஒரு கல்யாண மண்டபத்தில் நாற்காலியிலிருந்து கீழே விழுந்ததாம். மெக்கானிக் பார்த்துவிட்டு, பிரித்தால் இன்னும் கெடும், இப்படியே ஓட்டுங்கள் என்று சொல்லிவிட்டாராம்.

"அதுக்கப்புறம் பொண்ணையும் மாப்பிள்ளையையும் வலப்பக்கமா வச்சுத்தான் எடுப்பேன் தம்பி. ஒருத்தரும் கண்டுபிடிச்சதில்ல."

எங்கள் சித்தி கல்யாணம் 98-இல் நடந்தது, படம் அண்ணாச்சிதான். வீட்டுக்கு வந்து பீரோவிலிருந்து ஆல்பத்தை எடுத்துப் பார்த்தேன். தாலி கட்டும் படத்தில் சித்தியும் சித்தப்பாவும் வலப்பக்கம், சித்தியின் நெற்றிச்சுட்டியில் ஒவ்வொரு கல்லும் தெரிகிறது. இடது ஓரத்தில் தவில்காரர் ஒருவர் மட்டும், கையை ஓங்கியபடி, லேசாகக் கலங்கியிருக்கிறார்.